டைனோசரைக் கடைசியில் பாருங்கள்
பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை ஒரே நாளில் முழுதாகப் பார்க்க நினைத்தால் கால்வலிதான் மிஞ்சும். இரண்டு, மூன்று கூடங்கள் போதும். கதவு திறந்ததும் கூட்டம் நேராக டைனோசரிடம் ஓடும். நீங்கள் கனிமங்கள், பூச்சிகள் பக்கம் போய்விட்டு மாலையில் அங்கே வாருங்கள். கூடவே குழந்தை இருந்தால் இந்த யோசனை எடுபடாது, அது வேறு விஷயம்!

அப்புறம், விவரப்பலகையைப் படியுங்கள். நிற்பது அசல் எலும்பா, வார்த்தெடுத்த நகலா என்று பெரும்பாலும் அதில் இருக்கும். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் ‘சூ’ என்ற டைரனோசரஸின் உடலில் பொருத்தியிருப்பது நகல் தலை. அசல் மண்டையோடு கனம் அதிகம் என்பதால் தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அதன் பல் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள், ரம்பம் மாதிரி இருக்கும்.