விஎஃப்டி வாங்குறதுக்கு முன்னாடி ஸ்பிண்டில் பிளேட்ட ஒரு தடவ படிச்சிருங்க

ஸ்பிண்டில்னா சிஎன்சி மெஷின்ல (கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்த செதுக்குற மெஷின்) கட்டர சுத்துற மோட்டார். அதுக்கு கரண்ட் குடுத்து ஸ்பீட மாத்துற பெட்டிதான் விஎஃப்டி, டிரைவ்னும் சொல்வாங்க. என்னோட முத ஸ்பிண்டில் ஓடுனது மொத்தமா ஒரு நாலு நிமிஷம் இருக்கும். 2.2 கிலோவாட், வாட்டர் கூல்டு, பூஜை ரூம் கதவுக்கு டிசைன் போடுறதுக்குன்னு ஆசையா வாங்குனது. பார்சல் வந்த அன்னைக்கே ஒயர மாட்டி, புதுசாச்சேன்னு பயந்து பயந்து ஸ்பீட கம்மியா வச்சு ரன் அமுக்குனேன், அழகா சுத்துது, போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கும்போதே வார்னிஷ் கருகுற வாசம். பம்ப்ல தண்ணி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, ஆனா பாடிய கை வச்சு தொட முடியல. காயில் கட்டுற அண்ணன்ட்ட கொண்டு போனேன். அவரு பிரிச்சுக்கூட பாக்கல, மோந்து பாத்துட்டு "எத்தன ஹெர்ட்ஸுக்கு செட் பண்ணுனீங்க தம்பி"ன்னு கேட்டாரு. எனக்கு அந்த கேள்வியே புரியல.

இப்ப புரியுது. நம்ம ஆளுங்க விஎஃப்டி வாங்கும்போது கிலோவாட் ஒண்ண மட்டுந்தான் பாக்குறாங்க, நானும் அப்படித்தான். ஸ்பிண்டில் மேல ஒரு சின்ன பிளேட் ஒட்டிருக்கும், அதுல வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், ஆர்பிஎம் நாலும் இருக்கும். அந்த நாலையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு அப்புறம் கடைக்கு போங்க.

மொத அந்த ஹெர்ட்ஸ் விஷயம், ஏன்னா ஸ்பிண்டில் சாகுறது பெரும்பாலும் இதுலதான். ஹாபி மெஷின்ல வர்ற ஸ்பிண்டில் பெரும்பாலும் 220 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், 24000 ஆர்பிஎம். அதாவது 220 வோல்ட் முழுசா போக வேண்டியது 400 ஹெர்ட்ஸ்லதான், ஹெர்ட்ஸ் குறைய குறைய வோல்ட்டும் அதே கணக்குல குறையணும். அந்த கணக்குப்படி 50 ஹெர்ட்ஸ்ல ஒரு 27, 28 வோல்ட் போதும். ஆனா நிறைய விஎஃப்டி பாக்டரில இருந்து வரும்போது சாதா பம்ப் மோட்டார், ஃபேன் மோட்டார நெனச்சு பேஸ் ஃப்ரீக்வென்சி (முழு வோல்ட்டும் போக வேண்டிய ஹெர்ட்ஸ்) 50ன்னு செட் ஆகித்தான் வருது. அப்ப அது 50 ஹெர்ட்ஸ்லயே 220 வோல்ட்ட தள்ளும், எட்டு மடங்கு. உள்ள இருக்க இரும்பு கோர் அம்புட்டு காந்தத்த தாங்காது, கரண்ட் எகிறும், காயில் கருகும். நான் ஜாக்கிரதயா இருக்கேன்னு மெதுவா ஓட்டுனேன் பாருங்க, அந்த ஜாக்கிரததான் கொன்னுருச்சு.

ஹுவான்யாங் கம்பெனி டிரைவ் வச்சிருக்கவங்களுக்கு இந்த பேஸ் ஃப்ரீக்வென்சி செட்டிங் நம்பர் பிடி004, மேக்ஸிமம் ஃப்ரீக்வென்சி பிடி005. மொத பிடி005ஐ 400 ஆக்கிட்டு அப்புறமா பிடி004ஐ 400 ஆக்குங்க, திருப்பி பண்ணுனா எடுக்காது. வேற கம்பெனின்னா மேனுவல்ல பேஸ் ஃப்ரீக்வென்சி இல்ல மோட்டார் ரேட்டட் ஃப்ரீக்வென்சின்னு தேடுங்க. அதோட எல்லா ஸ்பிண்டிலும் 400தான்னு மனப்பாடமா வச்சுக்காதீங்க, 18000 ஆர்பிஎம்முக்கு 300 ஹெர்ட்ஸ் போட்ட பிளேட்டும் இருக்கு, உள்ள நாலு போல் (காந்த துருவம்) வச்சு 800 ஹெர்ட்ஸ் கேக்குறதும் இருக்கு. 800 கேக்குற ஸ்பிண்டில வாங்கிட்டு 400ல நிக்குற டிரைவ மாட்டுனா பாதி ஸ்பீடுதான் வரும், அப்புறம் கடைக்காரர திட்டி பிரயோஜனம் இல்ல. சாதா டிரைவ் பலதும் 400ல நிக்கும், கொஞ்சம் 599 வரைக்கும் போகும். அது என்னய்யா 599ன்னு கேட்டா, 600ஐ தொட்டாலே பல நாட்டுல ஏற்றுமதி கட்டுப்பாட்டுக்குள்ள வருது, அதான் ஒண்ணு கம்மியா நிறுத்திட்டாங்க.

அடுத்து, "பெருசா வாங்குனா நல்லதுதானே". நான் 2.2 ஸ்பிண்டிலுக்கு 3.7 கிலோவாட் டிரைவ் வாங்கிருந்தேன், பெருமையா. பெருசா வாங்குறது தப்பில்ல, மதுரை வெயிலுக்கு நல்லதுகூட. ஆனா அந்த டிரைவுக்கு கீழ இருக்க மோட்டார் 8 ஆம்பியர்தான்னு நம்ம சொன்னாத்தான் தெரியும். மோட்டார் கரண்ட் பாராமீட்டர்ல 8ன்னு போடாம விட்டதுனால அது பாட்டுக்கு தள்ளிக்கிட்டே இருந்துச்சு, ட்ரிப்பே ஆகல. போட்டிருந்தா ஒருவேள ட்ரிப் ஆகி காப்பாத்திருக்கும்.

வீட்டு கரண்ட் பக்கம் வருவோம். திருநகர்ல நம்ம மாப்ள ஒருத்தன், வீட்ல த்ரீ ஃபேஸ் இருக்கு மாப்ளன்னு 415 வோல்ட் டிரைவ் வாங்கிட்டு வந்துட்டான், ஸ்பிண்டில் 220. செட்டிங்ல வோல்ட்ட குறைச்சுக்கலாம்னு வேற சொல்றான். மீட்டர்ல காட்டுற வோல்ட் வேணா குறையும், ஆனா விஎஃப்டி உள்ள ஏசிய டிசியாக்கி அத வெட்டி வெட்டித்தான் அனுப்புது, 230 உள்ள போனா டிசி 325 வோல்ட் பக்கம், 415 போனா 585க்கு மேல. அந்த 585தான் ஒவ்வொரு வெட்டுக்கும் காயில் இன்சுலேஷன்ல போய் அடிக்கும். 220 ஸ்பிண்டிலுக்கு 220 சிங்கிள் ஃபேஸ் இன்புட் டிரைவ்தான், அதுல இருந்து வெளிய வர்றது த்ரீ ஃபேஸாத்தான் இருக்கும், கவலப்படாதீங்க. த்ரீ ஃபேஸ் இன்புட் டிரைவுக்கு ஒரே ஃபேஸ குடுத்து ஒப்பேத்துறதும் வேணாம், ஒண்ணு ஃபேஸ் இல்லன்னு ட்ரிப் ஆகும், இல்ல பாதி பவர்தான் அதுல எடுக்கலாம்.

ஒயரிங்ல ஒரு கணக்கு இடிக்கும். 2.2 கிலோவாட்ட 230ஆல வகுத்தா பத்து ஆம்பியர்கூட வரல, பவர் பிளக் போதுமேன்னு தோணும். போதாது. சிங்கிள் ஃபேஸ்ல இந்த டிரைவ் கரண்ட சீரா இழுக்காது, விட்டு விட்டு உறிஞ்சும், ஃபுல் லோடுல 20 ஆம்பியர் வரைக்கும் போகும், அதுக்கு மேலயும் போகும். டிரைவ் பிளேட்ல இன்புட் கரண்ட் போட்டிருக்கும், அதப் பாத்து போர்டுல இருந்து தனி லைன் இழுங்க, எம்சிபியும் தனியா. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரில மாட்டிப் பாக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு ஒரே பதில், வேணாம்.

எர்த் பத்தி சொல்லணும்னா கோவமே வரும். விஎஃப்டி உள்ள இருக்க ஃபில்டர் எர்த்துக்கு கொஞ்சம் கரண்ட கசிய விடும், அதுல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்) ட்ரிப் ஆகுதுன்னு எர்த்தையே கழட்டி விட்டுர்றாங்க. அதுக்கப்புறம் மெஷின் பாடிய தொட்டா சுருக்குங்குது, சாமி குத்தம் மாதிரி பேசுறாங்க. விஎஃப்டிக்கு ஏத்த ஆர்சிசிபி எதுன்னு விவரம் தெரிஞ்ச எலக்ட்ரீசியன்ட்ட கேளுங்க, எர்த்த தொடாதீங்க. இன்னொண்ணு, ஸ்பிண்டில் தலைல இருக்க நாலு பின் கனெக்டர்ல நாலாவது பின் எர்த்துன்னு நம்பிருவோம், பல ஸ்பிண்டில்ல அது உள்ள எதுலயும் சேர்ந்திருக்காது. மல்டிமீட்டர பீப்ல வச்சு ஒரு முனைய அந்த பின்லயும் இன்னொரு முனைய பாடிலயும் வைங்க. சத்தம் வரலன்னா மூடிய கழட்டி பாடியோட ஒரு ஒயர சேத்துருங்க.

ஸ்பிண்டில் ஒயர் ஷீல்டடா, அதாவது சுத்தி கம்பி வலை போட்டதா இருக்கணும், அந்த வலைய டிரைவ் பக்கம் எர்த்துல கட்டணும். காசு மிச்சம்னு சாதா ஒயர போட்டு, லிமிட் சுவிட்ச் (மெஷின் ஓரத்துக்கு வந்துருச்சுன்னு சொல்ற சுவிட்ச்) ஒயரோட சேத்து டேக் போட்டு கட்டுனா, ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் மெஷின் நட்டநடு வேலைல லிமிட் அடிச்சுருச்சுன்னு நிக்கும், யூஎஸ்பி கட்டாகும். கன்ட்ரோலர் போர்டு போச்சுன்னு புதுசு வாங்குனவங்கள எனக்கு தெரியும், போர்டுக்கு ஒண்ணுமே இல்ல.

டிரைவுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவுல சுவிட்ச் வைக்காதீங்க, ஓடும்போது கனெக்டர புடுங்காதீங்க. ஏர் கூல்டு ஸ்பிண்டில்னா ஃபேன் பெரும்பாலும் தண்டுலயே இருக்கும், ரொம்ப மெதுவா ஓட்டுனா காத்தும் வராது, டார்க்கும் (சுத்துற பலம்) வராது. ஒரு 7000, 8000க்கு கீழ போகாத மாதிரி லோயர் லிமிட் போட்டுருங்க. நிறுத்துற நேரத்த ஒரு செகண்ட்னு வச்சா ஓவர் வோல்டேஜ்ல ட்ரிப் ஆகும், அஞ்சு பத்து செகண்ட் குடுங்க, பிரேக் ரெசிஸ்டர் வாங்க அலைய வேணாம்.

அப்புறம் இந்த எம்டிஎஃப் (மரத்தூள அமுக்கி செஞ்ச பலகை) தூசி. தூசிக்கு பயந்து டிரைவ பிளைவுட் பெட்டிக்குள்ள இறுக்கி அடைக்கிறாங்க, பெரும்பாலான டிரைவுக்கு 40 டிகிரி வரைக்குந்தான் முழு ரேட்டிங், அக்னி நட்சத்திரத்துல நம்ம தகர ஷெட்டு அந்த 40ஐ காலைலயே தாண்டிரும், அதுக்குள்ள ஒரு பெட்டிய போட்டு மூடுனா வெந்துரும். பெட்டி பெருசா, கீழ ஃபில்டர் வச்ச ஓட்ட, மேல ஃபேன். தொறந்து சுத்தம் பண்ணுறதா இருந்தா சுவிட்ச அணைச்சு ஒரு பத்து நிமிஷம் கழிச்சு கைய வைங்க, அணைச்ச உடனே கெப்பாசிட்டர்ல அந்த 325 வோல்ட் இன்னும் ஒக்காந்திருக்கும், சார்ஜ் லைட் அணையணும்.

மொத தடவ ஓட்டும்போது கட்டர் மாட்டாம, டிஸ்பிளேய ஆம்பியருக்கு மாத்தி வச்சுக்கிட்டு ஓட்டுங்க. சும்மா சுத்தும்போதே பிளேட்ல போட்ட ஆம்பியர் கிட்ட காட்டுச்சுன்னா வீடியோ எல்லாம் அப்புறம், ஸ்டாப்ப அமுக்கிட்டு பேஸ் ஃப்ரீக்வென்சிய போய் பாருங்க.