கிராய்டனில் விற்று சட்டனில் வாங்கியபோது கற்றது: இங்கிலாந்தில் வீடு மாறும் தமிழர்களுக்கு

இங்கிலாந்துக்கு வந்து நான்கைந்து ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டுச் சொந்த வீடு தேடத் தொடங்கும் நம்மவர்களும், முதலில் வாங்கிய சிறிய ஃபிளாட்டை விற்றுவிட்டுத் தோட்டமுள்ள வீட்டுக்கு மாற நினைப்பவர்களும் என்னிடம் முதலில் கேட்பது வட்டி விகிதத்தைப் பற்றித்தான். வட்டியைப் பற்றிச் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் விலை பேசி முடித்த நாளுக்கும் சாவி கைமாறும் நாளுக்கும் இடையிலுள்ள மாதங்களில் வாங்குபவரும் விற்பவரும் எப்படியெல்லாம் நடந்துகொள்ளலாம் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த கட்டணம் ஒன்பதாயிரம் பவுண்டு.

ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். விலை பேசி முடிந்ததும் வெற்றிலை பாக்குத் தட்டில் ஒரு தொகையை வைத்து முன்பணம் கொடுப்போம். பிறகு உடன்படிக்கை எழுதி அட்வான்ஸ் கைமாறும். வாங்குபவர் பின்வாங்கினால் அந்த அட்வான்ஸை மறந்துவிட வேண்டியதுதான். என் தந்தை கும்பகோணத்தில் ஒரு மனையை விற்றபோது, ஆயிரத்தொரு ரூபாயை வாங்கிய மறுநாளே வேறொருவர் வந்து கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். தட்டை வாங்கிவிட்டேன் என்பதைத் தவிர அப்பா வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த எனக்கு, இங்கே ஏஜென்ட் தொலைபேசியில் அழைத்து உங்கள் ஆஃபரை (நீங்கள் தருவதாகச் சொன்ன விலையை) ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னபோது, தட்டு மாற்றியாகிவிட்டது என்றே தோன்றியது.

இங்கே தட்டு மாற்றுவது கடைசியில்தான் நடக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலம், வீடு தொடர்பான விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து கையெழுத்தாகியிருந்தால் மட்டுமே செல்லும் என்று 1989-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இரு தரப்புச் சொலிசிட்டர்களும் (வழக்கறிஞர்களும்) கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாளை ‘எக்ஸ்சேஞ்ச்’ என்கிறார்கள். பெரும்பாலும் பத்து சதவீத முன்பணம் அன்றுதான் கட்டப்படும். அதற்குப் பிறகு பின்வாங்கும் வாங்குபவர் அந்தப் பணத்தை இழப்பார். அதற்கு முந்தைய வாரங்களில், ஏன் மாதங்களில்கூட, எவர் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலையை மாற்றலாம். யாரும் யாருக்கும் ஒரு பென்னிகூடத் தர வேண்டியதில்லை. விற்பவர் வேறொருவரிடம் கூடுதல் விலைக்கு மனம் மாறுவதைக் ‘கசம்பிங்’ என்றும், வாங்குபவர் கடைசி நேரத்தில் விலையைக் குறைப்பதைக் ‘கசண்டரிங்’ என்றும் சொல்கிறார்கள். தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு காலமாக நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் சட்டமும் நடைமுறையும் வேறு என்பதால், எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அலுவல் ரீதியான படிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வங்கியிடம் எவ்வளவு கடன் கிடைக்கும் என்ற முதற்கட்டக் கடிதம், ஆஃபர், சொலிசிட்டர் அல்லது உரிமம் பெற்ற கன்வேயன்சர் (சொத்து மாற்ற வேலைகளை மட்டும் கவனிப்பவர்) நியமனம், சர்வே (வீட்டின் நிலையைப் பரிசோதிப்பது), உள்ளூர் மன்றம், கழிவுநீர், சுற்றுச்சூழல் தொடர்பான தேடல்கள், கேள்வி பதில்கள், எக்ஸ்சேஞ்ச், கம்ப்ளீஷன் (மீதிப் பணம் கட்டிச் சாவி கைமாறும் நாள்), அதிலிருந்து 14 நாட்களுக்குள் முத்திரை வரி, நிலப் பதிவகத்தில் பெயர் மாற்றம். நம் வில்லங்கச் சான்றிதழுக்கு அலைவதைப் போல அலைய வேண்டியதில்லை; சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார். வரியில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஊரில் உங்கள் பெயரில் 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வீடு இருந்தால், இங்கே முதல் வீடு வாங்கினாலும் அதைக் கூடுதல் வீடாகக் கணக்கிடுவார்கள், 2024 அக்டோபர் 31 முதல் அதற்கான கூடுதல் வரி ஐந்து சதவீதம். அப்பா எழுதிவைத்த வீடும் கணக்கில் வரலாம் என்பதால் சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி என் கதை. தெற்கு லண்டனிலுள்ள கிராய்டனில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட் இருந்தது. மகள் செப்டம்பரில் சட்டனிலுள்ள பள்ளியில் சேரவிருந்ததால் அங்கே ஒரு வீட்டைப் பார்த்து ஆஃபர் போட்டோம். எங்கள் ஃபிளாட் விற்றால்தான் அதை வாங்க முடியும். இப்படி ஒன்றையொன்று நம்பி நிற்கும் விற்பனைகளை இங்கே ‘செயின்’ என்கிறார்கள். ஃபிளாட்டைப் பார்க்க வந்தவர்களில் ஒரு தமிழ் இளைஞரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வாசலில் கோலத்தைப் பார்த்ததுமே ‘அண்ணா’ என்று அழைத்தார். இரண்டாம் முறை அவர்கள் வந்தபோது ஏஜென்ட் இல்லை; என் மனைவி காபி போட்டார், நானும் ‘தம்பி, உட்காருங்கள்’ என்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் மகளின் பள்ளி எப்போது திறக்கிறது, சட்டன் வீட்டு அம்மையார் எவ்வளவு அவசரப்படுகிறார், சர்வேக்கும் தேடல்களுக்கும் இதுவரை எவ்வளவு செலவழித்திருக்கிறோம் என்பதையெல்லாம் நானாகவே சொன்னேன். அவர் கேட்கக்கூட இல்லை. ஊரில் அப்படித்தானே பேசுவோம்? நம் நிலையைத் திறந்து சொன்னால் எதிரில் இருப்பவருக்கும் நம்பிக்கை வரும் என்பதுதான் நம் கணக்கு.

அவர் 3,10,000 பவுண்டுக்கு ஆஃபர் போட்டார், ஏற்றுக்கொண்டேன். மற்றொரு தம்பதி இரண்டாயிரம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள். நம் ஊர்ப் பையன் என்று அவர்களை மறுத்துவிட்டேன். சர்வே முடிந்ததும், ஒன்றும் இல்லை அண்ணா, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று அவரே குறுஞ்செய்தி அனுப்பினார். ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை எக்ஸ்சேஞ்ச் என்று முடிவாகியிருந்தது. புதன்கிழமை மாலை நான்கரை மணிக்கு, பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த எனக்கு ஏஜென்டிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: சந்தை நிலவரத்தைக் கருதி வாங்குபவர் 2,95,000 மட்டுமே தர விரும்புகிறார், உடன்பட்டால் நாளையே எக்ஸ்சேஞ்ச் செய்யலாம்.

உடனே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அது என் இரண்டாவது தவறு. ‘அண்ணா, இது வியாபாரம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்’ என்றார். என் குரலிலிருந்த பதற்றமே அவருக்குத் தேவையான பதிலைச் சொல்லியிருக்கும். ஏஜென்டை அழைத்தால், விட்டுக்கொடுங்கள், செயின் அறுந்தால் எல்லோருக்கும் நட்டம் என்றார். அவருடைய தரகு ஒன்றேகால் சதவீதம். விலையில் பதினைந்தாயிரம் குறைந்தால் அவர் இழப்பது, வாட் நீங்கலாக, 187 பவுண்டு 50 பென்ஸ். நான் இழப்பது பதினைந்தாயிரம். விற்பனை முறிந்தாலோ அவருக்கு ஒன்றுமே கிடைக்காது. நான் கூலி கொடுக்கும் ஆள் ஏன் எதிராளிக்காகப் பேசுகிறார் என்று அன்று கோபப்பட்டேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இரவு முழுவதும் இழுபறியாகி, கடைசியில் ஒன்பதாயிரம் குறைத்து 3,01,000-க்குக் கையெழுத்திட்டேன்.

என்னை இன்றும் உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. எக்ஸ்சேஞ்ச் முடிந்த மறுநாள், சாவியை இரண்டு நாள் முன்னதாகத் தர முடியுமா என்று அவர் ஏஜென்ட் வழியாகக் கேட்டார். தார்ன்டன் ஹீத்தில் அவர் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாக முன்பே நோட்டீஸ் கொடுத்துவிட்டாராம். புதிய வாடகைதாரர்கள் வரும் தேதியும் முடிவாகிவிட்டதாம். அதாவது, அந்தப் புதன்கிழமை மாலை நான் முடியாது என்று சொல்லியிருந்தால், தெருவில் நிற்கப்போவது நான் அல்ல, அவர். என் நிலை அவருக்கு முழுவதும் தெரிந்திருந்தது. அவருடைய நிலையில் ஒரு துளிகூட எனக்குத் தெரியவில்லை. காபி குடித்த ஒரு மணி நேரத்தில் நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆகவே, விற்பவர்கள் செய்ய வேண்டியது இது. ஆஃபரை ஏற்பதற்கு முன்பே வாங்குபவரின் வங்கிக் கடிதம், முன்பணத்துக்கான சான்று, சொலிசிட்டர் விவரம், அவர் வாடகையில் இருக்கிறாரா, அங்கே எப்போது காலி செய்ய வேண்டும் என்பனவற்றை ஏஜென்ட் வழியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீடு பார்க்க வருபவர்களுக்கு வேண்டுமானால் காபி கொடுங்கள், தேதிகளைக் கொடுக்காதீர்கள். சர்வேக்குப் பிறகு விலையைக் குறைக்கக் கேட்பது நியாயமாகவும் இருக்கலாம். ஈரக்கசிவு என்றால் அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் பழுதுபார்க்க ஆகும் செலவுக்கான மதிப்பீட்டையும் கேளுங்கள், பாதியை ஏற்றுக்கொள்ளலாம். காரணமே இல்லாமல் கடைசி நாளில் வரும் குறைப்பு வேறு வகை. அதற்கு அன்று மாலையே பதில் சொல்லாதீர்கள். அவரும் சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் பணம் கட்டியிருக்கிறார், அவருக்கும் இழப்பு உண்டு. முன்பு ஆஃபர் போட்டவர்களை மீண்டும் அழைக்கும்படி ஏஜென்டிடம் எழுத்தில் சொல்லுங்கள். அந்தச் செய்தி வாங்குபவரின் காதுக்குத் தானாகப் போய்ச் சேரும். எந்தத் தொகைக்குக் கீழே இறங்குவதில்லை என்பதைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி முடிவு செய்திருப்பது நல்லது. விட்டுக்கொடுத்தே ஆக வேண்டுமென்றால், மறுநாள் நண்பகலுக்குள் எக்ஸ்சேஞ்ச் ஆனால் மட்டுமே இந்த விலை என்ற நிபந்தனையுடன் கொடுங்கள். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை இன்னோர் ஐயாயிரம் கேட்பார்கள்.

வாங்குபவர்களுக்கு இதன் மறுபக்கம். ஆஃபர் ஏற்கப்பட்டதும் விளம்பரத்தை ரைட்மூவ், ஸூப்லா தளங்களிலிருந்து எடுத்துவிடும்படி கேளுங்கள். அதற்குப் பிறகும் யாராவது கூடுதல் விலை சொன்னால், எக்ஸ்சேஞ்ச் வரை அதை விற்பவரிடம் தெரிவிப்பது ஏஜென்டின் கடமை. அதற்காக அவரைத் திட்டிப் பயனில்லை. விற்பவர் இரண்டு மூன்று வாரங்களுக்கு வேறு யாருடனும் பேச மாட்டார் என்று எழுத்தில் வாங்கும் ‘லாக்-அவுட்’ உடன்படிக்கை ஒன்று உண்டு; குறிப்பிட்ட குறுகிய காலத்துக்கு அது செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லா விற்பவர்களும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் சொலிசிட்டரிடம் கேட்டுப் பாருங்கள். வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுப்பதும், பொருட்களை ஏற்ற வண்டிக்குப் பணம் கட்டுவதும், ஊருக்குத் தொலைபேசி செய்து கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கச் சொல்வதும் எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகுதான்.

சட்டன் வீட்டை எங்களுக்கு விற்ற அம்மையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரைத்தான் நாங்கள் முதலில் கடினமான ஆள் என்று நினைத்தோம். நேரில் பேசவே மாட்டார். எங்கள் சொலிசிட்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மை பேனாவில் பதில் எழுதி அனுப்பினார். வீட்டோடு எவை வரும், எவை வராது என்று விற்பவர் நிரப்பும் படிவத்தில் திரைச்சீலைக் கம்பிகளையும் தோட்டத்துக் கல் தொட்டியையும் எடுத்துப்போவதாகக் குறித்திருந்தார், நாங்கள் சிரித்தோம். நான் ஒன்பதாயிரத்தை இழந்த அந்த இரவில், அதில் பாதியையாவது அவர் குறைப்பாரா என்று ஏஜென்டிடம் கேட்கச் சொன்னேன். விலை அதேதான் என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆனால் சாவி வாங்கி உள்ளே போனபோது, படிவத்தில் இருக்கும் என்று எழுதிய ஒவ்வொன்றும் இருந்தது. அடுப்பைத் துடைத்துவைத்திருந்தார், குப்பை எடுக்கும் நாட்களை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார். சில வீடுகளில் மின்விளக்குகளைக்கூடக் கழற்றிப்போய்விடுவார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் படிவத்தை நாம் அவசரத்தில் படிக்காமல் விடுவதுதான் வழக்கம், படியுங்கள். அண்டை வீட்டாரோடு தகராறு உண்டா என்று கேட்கும் மற்றொரு படிவத்தையும் சேர்த்துப் படியுங்கள். அதில் பொய் எழுதினால் விற்பவர் மீது பிறகு வழக்குத் தொடர முடியும்.

கம்ப்ளீஷன் ஆன மூன்றாம் நாள் இரவு அந்த இளைஞரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: அண்ணா, வெந்நீர் வரவில்லை, பாய்லரில் எதை அழுத்த வேண்டும்? ஏஜென்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அவர்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்று மனைவி நினைவூட்டினார். அழுத்தம் குறைந்திருக்கும், பாய்லருக்கு அடியிலுள்ள கறுப்புத் திருகைத் திறந்து முள் ஒன்றரைக்கு வந்ததும் மூடிவிடுங்கள் என்று எழுதி அனுப்பினேன். பதிலை ‘தம்பி’ என்று தொடங்கவில்லை.