‘லுக் ஃபார்வர்ட் டு’வுக்குப் பின் என்ன வரும்?

அலுவலகக் கடிதத்தை முடிக்கும்போது ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று பலரும் எழுதிவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். ‘ஹியரிங்’ என்பதே சரி. ‘டு’ வந்தாலே வினைச்சொல்லை மொட்டையாகப் போடும் பழக்கத்தால் வருகிற கோளாறு இது. இந்த ‘டு’ ‘வான்ட் டு கோ’வில் வருகிற ‘டு’ அல்ல, ‘டு ஸ்கூல்’ என்பதில் வருகிற ப்ரிப்பொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல். பின்னால் பெயர்ச்சொல்தான் நிற்கும். வினை வந்தால் ‘இங்’ சேர்த்துப் பெயராக்க வேண்டும்.

சந்தேகமா? ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ சரியாக உட்காருகிறது. ‘வான்ட் டு இட்’ உட்காரவில்லை. ஆட்சேபிப்பதைச் சொல்லும் ‘அப்ஜெக்ட் டு’வுக்கும் இதே கதைதான்.

அப்புறம், மேலதிகாரிக்கு எழுதும்போது ‘ஐ’யை விழுங்கிவிட்டு ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று தொடங்காதீர்கள். அது பழகியவர்களுக்கு எழுதுகிற தொனி.