தையல் பிரித்த அன்றே மஞ்சளா?

அத்தைக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. தையல் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே கொல்லையில் அம்மிச் சத்தம். மஞ்சளை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அடிவயிற்றில் அப்பிவிட்டார்கள். நாலாம் நாள் ஒரு ஓரத்தில் நீர் கசிந்தது. கும்பகோணம் பக்கம் எங்கள் தெருவில் இது புதிதல்ல.

தையல் பிரித்தாயிற்று என்றால் மேல்தோல் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் பழைய பலத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் வந்திருக்கும். மூன்று மாதத்தில் 80 சதவீதம் வரை வரலாம், முழுசாகத் திரும்பவே திரும்பாது. தழும்பு சிவப்பு மாறிப் படிய 12 முதல் 18 மாதம் ஆகும். ஆடுதுறை 43 நெல் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். தழும்போ குறுவை, தாளடி இரண்டையும் தாண்டி இழுக்கும். இதற்குள் சீழ் பிடித்தால் தழும்பு அகலமாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. கிருமியோடு புதிதாக முளைக்கும் செல்களும் அதில் சாகும்.

எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது பத்தியம். முட்டை, மீன், பருப்பு எல்லாம் சீழ் வைக்கும் என்று ஒதுக்கிவிட்டு ரசம் சோறும் சுட்ட அப்பளமும் போடுவார்கள். தோல் ஒட்டுவதற்குப் புரதம்தானே வேண்டும்!

தழும்பு தடிக்காமல் இருக்க, மேலே தடவும் சிலிகான் ஜெல், ஒட்டும் சிலிகான் பட்டை இரண்டுக்கும் ஓரளவு நல்ல பலன் உண்டு. காயம் முழுசாக மூடிய பிறகு ஆரம்பித்து, பட்டையென்றால் தினம் 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், இரண்டு மூன்று மாதம். பத்து நாள் போட்டுப் பார்த்து 'ஒன்றும் ஆகவில்லை' என்று தூக்கிப் போடுவதுதான் வழக்கம். நம் ஊர் வேர்வைக்குப் பட்டையைத் தினம் கழுவி உலர்த்தாவிட்டால் அடியில் வேர்க்குரு வரும், ஜெல் சௌகரியம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீமை நீங்களாகப் போடாதீர்கள், தோல் மெலிந்துவிடும்.

அப்புறம் உராய்வு. பாவாடை நாடாவும் ஆண்களுக்கு அரைஞாணும் தழும்பின் மேலேயே விழும். அத்தை சில மாதம் நைட்டிக்கு மாறியபின்தான் அரிப்பு அடங்கியது. தைராய்டு ஆபரேஷன் செய்த கழுத்தோடு வயலுக்குப் போகிறவர்கள் துண்டால் மூடிக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் புதுத் தழும்பு கறுத்துவிடும்.

தழும்பு வெட்டிய கோட்டுக்குள்ளேயே தடித்திருந்தால் காலப்போக்கில் தணியலாம். கோட்டைத் தாண்டிப் பரவினால் அது கீலாய்டு. நெஞ்சு, தோள், காது மடலில் அதிகம். அதை வெறுமனே வெட்டி எடுக்கச் சொல்லாதீர்கள், பல சமயம் முன்னைவிடப் பெரிதாக வளரும். தோல் மருத்துவர் அதற்குள்ளேயே ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைச் சில வார இடைவெளியில் போடுவார்.

அத்தையின் தழும்புக்கு இப்போது பதினாலு மாதம். வெளுத்துப் படிந்துவிட்டது. நீர் கசிந்த அந்த ஓரம் மட்டும் இன்னும் தடிப்பாக விரலில் தட்டுப்படுகிறது.