வாக்கர் என்றால் நடப்பவர் இல்லை: ஆங்கிலப் பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலப் பெயர்களின் வேரைத் தேடுவது எனக்குப் பல வருடப் பழக்கம். புதிதாக ஆர்வம் வந்தவர்கள் தங்கள் குறிப்புகளை அனுப்பிச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். போன வாரம் வந்த ஒன்றில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் பெயருக்குக் ‘காசை வேகமாகச் சேர்ப்பவர்’ என்று பொருள் எழுதியிருந்தது. பென்னி காசு, குயிக் வேகம், அவ்வளவுதான் கணக்கு. ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பெனிகுயிக் என்பது எடின்பரோவுக்குத் தெற்கே உள்ள ஓர் ஊர். அங்கே ஆங்கிலம் வருவதற்கு முன்பு பேசிய, வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் மொழிக்கு உறவான பழைய மொழியில் அந்த ஊர்ப் பெயருக்குக் குயில் குன்று என்று பொருள்.

ஸ்மித் கொல்லர், டெய்லர் தையல்காரர், பேக்கர் ரொட்டி சுடுபவர். இதிலெல்லாம் யாரும் தவறுவதில்லை, விட்டுவிடுகிறேன்.

இன்றைய சொல்லை வைத்துப் பொருள் சொல்வது

இன்று வரை எனக்கு ஆறாத தவறு இதுதான்.

பரங்கிமலையில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம், வாக்கர் என்று பெயர். பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்காகப் பெயரின் பொருளைக் கேட்டார்கள். ‘நடந்தே போய்ச் செய்தி சொன்னவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அதை நம்பி, கையில் கோலோடு நடக்கும் ஆளைத் தேக்குப் பலகையில் செதுக்கி வாசலில் மாட்டிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு உண்மை தெரிந்தது.

வாக்கர் வழியில் நடந்தவர் இல்லை, துணியை மிதித்தவர். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி நெகிழ்வாக, ஆட்டின் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரை ஊற்றி, நம் வீட்டில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி போன்ற களிமண்ணையும் சேர்த்து, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். பிசுக்கு போகும், இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கித் துணி தடிக்கும். இந்த வேலையைச் செய்தவருக்கு இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர் என்று பெயர். தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். தொழில் ஒன்றுதான், வட்டாரம்தான் வேறு.

ஆக, பொருள் தவறினால் வட்டாரமும் கைவிட்டுப் போகிறது. அந்தப் பாட்டியின் முன்னோரை லண்டனைச் சுற்றியுள்ள சர்ச் பதிவேடுகளிலேயே மாதக்கணக்கில் தேடினேன். வடக்கே போய்ப் பார் என்று பெயரே சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் காதில் விழவில்லை. கடைசியில் யார்க்‌ஷயரில் கிடைத்தார்கள். அதற்குள் பாட்டி காலமாகிவிட்டார். பலகை இன்னும் அந்த வாசலில்தான் இருக்கிறது.

இதே வகையில் இன்னும் நிறைய உண்டு. கவர்ட் கோழை இல்லை, மாடு மேய்த்தவர். ரீட் படிப்பவர் இல்லை, செம்பட்டை முடிக்காரர். ராம்ஸ்பாட்டம் என்று கேட்டுச் சிரிக்கிறார்கள், அதில் உள்ள ‘பாட்டம்’ பள்ளத்தாக்கு.

தப்ப ஒரே வழி, பெயரின் மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுவது. 1377, 1379, 1381-ஆம் ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள் இருக்கின்றன. 1538 முதல் சர்ச்சுகளில் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் பதிவாகின்றன. பழைய பதிவில் பெயருக்கு முன் ‘லெ’ என்று இருந்தால் பெரும்பாலும் தொழில் அல்லது பட்டப்பெயர், ‘அட்டெ’ என்று இருந்தால் குடியிருந்த இடம். எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஷேக்ஸ்பியரின் கையெழுத்துகளாக நமக்கு மிஞ்சியிருப்பவை ஆறு, அவற்றிலேயே எழுத்துக்கூட்டல் ஒன்றுபோல இல்லை.

கிங், போப், பிஷப்

ராஜ வம்சமில்லை. திருவிழா நாடகத்தில் அந்த வேடம் கட்டியவருக்கோ, அந்த மாதிரி மிடுக்கோடு நடந்துகொண்டவருக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயர். நம் ஜி.யு.போப்பின் குடும்பப் பெயரும் இந்த வகைதான்.

மகன் என்றால் அப்பா பெயர்தான் என்று நினைப்பது

டில்லட்சன் என்ற பெயரில் இருப்பது ஓர் அம்மா. மட்டில்டா சுருங்கி டில், அது செல்லமாக டில்லட். செல்லப் பெயர்கள் தெரியாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது: ரோஜர்தான் ஹாட்ஜ், அதிலிருந்து ஹாட்ஜ்சன். அப்புறம் வெல்ஷ்காரர்கள். அவர்கள் மொழியில் ‘ஆப்’ என்றால் மகன், அது அடுத்த பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆப் ரீஸ் பிரைஸ் ஆனது, ஆப் ஹாரி பாரி ஆனது. சென்னைப் பாரிமுனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி வேல்ஸ்காரர், வள்ளல் பாரிக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பில்லை.

முதல் பெயரை வாக்கியமாக்குவது

எட்வர்டில் செல்வம், காவல் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. அதனால் ‘செல்வத்தைக் காப்பவன்’ என்று எழுதிவிடுகிறார்கள். பழைய ஆங்கிலேயர்கள் பல சமயம் பொருள் பார்த்துச் சேர்க்கவில்லை, உறவைப் பார்த்துச் சேர்த்தார்கள். 1095-இல் இறந்த ஊஸ்டர் பிஷப் வுல்ஃப்ஸ்டனின் அம்மா வுல்ஃப்கிஃபு, அப்பா ஏதெல்ஸ்டன். அம்மாவின் தலையும் அப்பாவின் வாலும் சேர்ந்து பிள்ளையின் பெயர். ‘ஓநாய்க் கல்’ என்று மொழிபெயர்த்தால் அந்த அம்மாவும் அப்பாவும் காணாமல் போய்விடுகிறார்கள்.

ஒரே பெயர், ஒரே வம்சம்

இல்லை. ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார்.

குடும்பச் சின்னம்

இங்கிலாந்தில் கேடயத்தில் வரையும் சின்னம் ஓர் ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், குடும்பப் பெயருக்குக் கிடையாது. உங்கள் பெயரின் சின்னம் என்று யாராவது விற்றால் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பது

பிளேக் என்ற பெயர் கறுப்பு என்ற சொல்லிலிருந்தும் வந்திருக்கலாம், வெளிறிய நிறம் என்ற சொல்லிலிருந்தும் வந்திருக்கலாம். பழைய ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களும் ஏறக்குறைய ஒரே ஒலி, பிற்கால எழுத்தில் ஒன்றாகவே கலந்துவிட்டன. போன மாதம் ஒரு பிளேக் குடும்பத்தார் வந்திருந்தார்கள். வாசலில் மாட்ட வேண்டும், ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.