மேஸ்திரி கூட்டி வந்த ஆளுக்கும் பொறுப்பு நாமதான்: சின்ன பில்டர்களுக்கான செய்முறை

போன வருஷம் தர்மபுரி பக்கத்துல ரெண்டு மாடி வேலை ஒண்ணு எடுத்திருந்தேன். பூச்சு நடக்கும்போது ஒரு சித்தாள் அக்கா கலவை சட்டியோட சாரப் பலகையில கால் வெச்சாங்க, பலகையோட ஒரு முனையை யாரும் கட்டவே இல்ல, மிதிச்ச உடனே மறுமுனை தூக்கிடுச்சு. இடுப்பெலும்பு முறிவு. பாலிசி இருக்கேன்னு கிளெய்ம் போட்டா "இவங்க மேஸ்திரியோட ஆள், உங்க லிஸ்ட்ல இல்ல"ன்னு திருப்பிட்டாங்க. ஆனா சட்டப்படி பொறுப்பு என் மேலதான். அதுக்கப்புறம் உட்கார்ந்து கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன்.

ஸ்டெப் 1: பதிவு
சைட்டுல 10 பேர் வேலை செஞ்சாலே அந்த சைட்டை அரசுகிட்ட பதிவு பண்ணணும், வேலை ஆரம்பிச்சு 60 நாளுக்குள்ள. கம்பி கட்டறவங்க, சென்ட்ரிங் அடிக்கறவங்கன்னு யார் மூலமா வந்தாலும் எண்ணிக்கையில சேர்த்துக்கோங்க. தொழிலாளர் நலனுக்காக கட்டுமானச் செலவுல வாங்கற 1% நல நிதியை பிளான் அப்ரூவல் வாங்கும்போதே கட்டிடுவோம், அதனால பதிவும் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்காதீங்க, ரெண்டும் வேற வேற.

ஸ்டெப் 2: ஆள் நோட்டு
பேர், வயசு, ஊர், தினக்கூலி, யார் மூலமா வந்தாங்க, இவ்வளவுதான். எனக்கு மொபைல் ஆப் எதுவும் சரிப்படல, நூறு பக்க நோட்டுதான் பெஸ்ட், காலையில டீ நேரத்துலயே கையெழுத்து வாங்கிடுங்க. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இல்லாதவங்களை அப்பவே பதிவு பண்ணச் சொல்லுங்க, 18ல இருந்து 60 வயசு வரைக்கும் சேரலாம்.

ஸ்டெப் 3: பாலிசி (நான் மாட்டுனது இங்கதான்)
தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் "உங்க ஆளுங்க எத்தனை பேர்"னு கேட்பார், நாம நேரடியா சம்பளம் கொடுக்கற நாலு பேரைச் சொல்லிடுவோம். அங்கதான் தப்பு நடக்குது. ஒப்பந்ததாரர் ஆளுங்களுக்கான கவரை தனியா கேட்டு சேர்க்கணும், ஆஸ்பத்திரி செலவுக்கான கவரையும் தனியா கேட்கணும், ரெண்டும் பாலிசி பேப்பர்ல எழுத்துல இருக்கான்னு நீங்களே படிச்சுப் பாருங்க. கூலியைக் குறைச்சுக் காட்டி பிரீமியம் மிச்சம் பிடிக்கவே கூடாது.

தொகை எவ்வளவு வரும்னு பாருங்க. 30 வயசு ஆள் இறந்துட்டா, மாசச் சம்பளத்துல பாதி பெருக்கல் 207.98 (30 வயசுக்குன்னு சட்டத்துல இருக்கற எண், வயசுக்கு வயசு மாறும்). சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000, அப்ப 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். ஒரு மாசத்துக்குள்ள கொடுக்கலைன்னா 12% வட்டி, சரியான காரணம் இல்லாம இழுத்தடிச்சா 50% வரைக்கும் அபராதமும் சேரும். மேஸ்திரிகிட்ட பிற்பாடு வசூல் பண்ணிக்கலாம், ஆனா அந்தக் குடும்பத்துக்கு முதல்ல கொடுக்க வேண்டியது நாமதான்.

ஸ்டெப் 4: சைட்டு
சாரப் பலகை ரெண்டு முனையும் கட்டியிருக்கான்னு தினமும் காலையில நீங்களே ஏறி மிதிச்சுப் பாருங்க. சவுக்குக் கம்பை விட்டுட்டு பைப் சாரத்துக்கு மாறிட்டேன், வாடகை கூடத்தான், ஆனா மழைக்கு அப்புறமும் நம்பி ஏறலாம். உயரத்துல வேலைன்னா இடுப்பு பெல்ட் வேண்டாம், முழு உடம்பு ஹார்னஸ்தான் வாங்கணும். கடைக்கால் குழி 1.5 மீட்டர் தாண்டினா பக்கவாட்டு முட்டு கொடுங்க, தோண்டின மண்ணை குழி ஓரத்துலயே குவிக்காதீங்க. டெம்பரரி கனெக்‌ஷன்ல 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே தானா ஆஃப் ஆகற ஸ்விட்ச்) கட்டாயம் போடுங்க.

அப்டேட்: "பெல்ட் கொடுத்தேன், அவன்தான் போடல, அப்பவும் நான் கொடுக்கணுமா?"ன்னு ஓசூர்ல இருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். சின்னக் காயம்னா அந்த வாதம் எடுபடலாம். இறந்துட்டா, இல்ல நிரந்தரமா முழுசா முடங்கிட்டா அது செல்லாது, கொடுத்தே ஆகணும். இன்னொருத்தர் பழைய 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இப்ப இருக்கான்னு கேட்டார். 2025 நவம்பர் 21ல இருந்து அது சமூகப் பாதுகாப்பு சட்டத்தொகுப்புக்குள்ள போயிடுச்சு, பாதிச் சம்பளத்தை வயசுக்கான எண்ணால பெருக்கற கணக்கு மாறல.

அந்த அக்கா இப்ப ஊன்றுகோல் இல்லாம நடக்கறாங்க, ஆனா சட்டி தூக்க முடியாது.