சைட்டில் டிஜிட்டல்: 50 மி.மீ. இடைவெளி 6 மி.மீ. ஆகும் கணக்கு

பெங்களூரில் சர்ஜாபூர் ரோடு, ஒயிட்ஃபீல்ட், கனகபுரா ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு பெரிய சைட் நடக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கத்து மேஸ்திரிகளும், தமிழ்நாட்டில் படித்துவிட்டு நேராக இங்கே வந்து இறங்கிய பொறியாளர்களும் அங்கே நிறைய. ட்ரோன், ரோவர் (செயற்கைக்கோள் சிக்னலில் இடம் அளக்கும் கருவி), ரெவிட் (கட்டட மாதிரி வரையும் மென்பொருள்), டேப்லெட் எல்லாம் இவர்கள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு அணியும் பழைய அணி இடறிய கல்லிலேயே இடறுகிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள், பேக்கப் எடுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிட்டு அந்தக் கற்களை மட்டும் இங்கே சொல்கிறோம்.

ஒரே மாதத்தில் ஐந்து ஆப்

வருகைப் பதிவுக்கு ஒன்று, பொருள் வரவுக்கு ஒன்று, தரச் சோதனைக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று, தினசரி அறிக்கைக்கு ஒன்று. சூப்பர்வைசர் சாயங்காலம் உட்கார்ந்து ஐந்திலும் ஒரே தகவலைத் தட்டுகிறார். மூன்றாவது வாரத்தில் நேற்றைய பதிவையே நகல் எடுத்துப் போடத் தொடங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சைட்டில் எது அதிகம் வலிக்கிறதோ அதை மட்டும் முதலில் எடுங்கள். பெரும்பாலும் அது காங்கிரீட் போடும் நாளின் பதிவாக இருக்கும்: லாரி கிளம்பிய நேரம், வந்த நேரம், ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்), கியூப் (வலிமை பார்க்க வார்த்த காங்கிரீட் கட்டி) எண், எந்தத் தூண் அல்லது ஸ்லாப். இந்த ஐந்தும் மூன்று மாதம் பிசகாமல் பதிவானால் அடுத்ததற்குப் போகலாம். காகிதப் பதிவை நிறுத்தும் தேதியையும் அன்றே அறிவித்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் இரண்டிலும் ஓட்டை விழும்.

ரோவர் தரும் எண்ணை அப்படியே தரையில் இறக்குவது

எங்களுக்கு இன்றைக்கும் ஆற்றாமை தருவது இதுதான். கருவி சரி, ட்ராயிங் சரி, ஆளும் சரி. ஆனாலும் தூண் தப்பான இடத்தில் நிற்கும்.

ட்ரோன் சர்வேயும் ரோவரும் பொதுவாக யு.டி.எம். என்ற உலக வரைபட முறையின் ஆயத்தொலைவில் (கிழக்கு, வடக்கு தூரம்) எண் தருகின்றன. உருண்டைப் பூமியைத் தாளில் விரித்த கணக்கு அது, ஆகவே தாளில் உள்ள தூரமும் தரையில் டேப் காட்டும் தூரமும் ஒன்றாக இருக்காது. பெங்களூர் 43ஆம் மண்டலத்தில் வருகிறது. அதன் நடுக்கோடு 75 டிகிரி கிழக்கு, அங்கே அளவுக் காரணி (தரைத் தூரத்தைத் தாள் தூரமாக்கப் பெருக்கும் எண்) 0.9996. கிழக்கே போகப் போக அது கூடும். நகரத்தின் நடுப்பகுதி நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 280 கி.மீ. தள்ளி இருப்பதால் இங்கே 1.00057 அளவுக்கு வந்துவிடுகிறது. ஊர் மேட்டில் இருப்பதற்காகக் கொஞ்சம் கழித்தால் மிஞ்சுவது சுமார் 1.00044. அதாவது தரையில் 100 மீட்டர் இருந்தால் எண் 100.044 என்று சொல்லும். ஒயிட்ஃபீல்ட் இன்னும் கிழக்கே இருப்பதால் அங்கே வித்தியாசம் 55 மி.மீ.யைத் தாண்டும்.

இது எப்படிக் கட்டடத்தைக் கெடுக்கிறது என்று ஒரு கணக்கில் பாருங்கள். 100.8 மீட்டர் நீளக் கட்டடம், நடுவில் 50 மி.மீ. விரிவு இடைவெளி (வெப்பத்தில் கட்டடம் விரிய விடும் ஜாயின்ட்). மேற்கு முனையில் ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளி, கிழக்கு முனையில் ஒன்று, இரண்டுக்கும் ரோவர் தந்த யு.டி.எம். எண். ஒரு குழு மேற்கிலிருந்து டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) வைத்து மார்க்கிங் போடுகிறது, இன்னொரு குழு கிழக்கிலிருந்து. கருவி அளப்பது தரைத் தூரம். இரண்டு புள்ளிக்கும் நடுவே 100.8 மீட்டர் இருப்பதாக எண் சொல்ல, தரையில் இருப்பதோ 100.756. இரண்டு குழுவும் நடுவில் வந்து சேரும்போது 50 மி.மீ. இடைவெளி 6 மி.மீ. ஆகிவிடும். தூணின் குறுக்களவில் காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 அனுமதிக்கும் பிசகே +12, −6 மி.மீ.தான். அதோடு இந்த 44ஐ ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் பேயிலேயே (bay, இரண்டு தூண் வரிசைக்கு நடுவே உள்ள பகுதி) ஏன் பிடிபடுவதில்லை? 8.4 மீட்டர் பேய் ஒன்றுக்கு வித்தியாசம் 3.7 மி.மீ. டேப்பை இழுத்துப் பிடிப்பதிலேயே அது கரைந்துவிடும். பெரும்பாலும் மேஸ்திரிதான் முதலில் கண்டுபிடிப்பார். "சார், ஜாயின்ட்டுக்கு எடமே இல்ல, டேப்புல பாருங்க" என்பார். "கோஆர்டினேட் கரெக்டா இருக்கு மேஸ்திரி, நீங்க கம்பிய கட்டுங்க" என்று பதில் வரும். காங்கிரீட் போட்ட பிறகு உடைப்பதற்கு ஆகும் செலவை விட்டுத்தள்ளுங்கள். அந்த மேஸ்திரி அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். எங்களை அதிகம் வருத்துவது அதுதான்.

கருவியும் எச்சரித்திருக்கும். பேக்சைட் (தெரிந்த புள்ளியைத் திரும்பிப் பார்த்துச் சரிபார்ப்பது) எடுக்கும்போது கணக்குத் தூரத்துக்கும் அளந்த தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையில் காட்டும். 0.044 என்று வந்தும் ஓகேயை அழுத்திவிடுகிறார்கள். 5 மி.மீ.க்கு மேல் வந்தால் அன்றைய மார்க்கிங்கை நிறுத்துங்கள்.

செய்ய வேண்டியது அரை நாள் வேலை. தோண்டும் பகுதிக்கு வெளியே, லாரி ஏறாத இடத்தில், குறைந்தது மூன்று காங்கிரீட் தூண்கள் நட்டு, தலையில் கம்பி பதித்துக் குறி போடுங்கள். அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தம் பதிந்து, அளவுக் காரணியை 1.000000 என்று வைத்து, டோட்டல் ஸ்டேஷனால் ஒன்றுக்கொன்று அளக்கவும். சைட்டுக்கென்று தனி ஆயத்தொலைவு கொடுங்கள்: கிழக்கு 1000, வடக்கு 5000 என்று தொடங்கினால் இரண்டும் இடம் மாறினாலும் உடனே தெரியும், ஆறு ஏழு இலக்க யு.டி.எம். எண்ணோடும் குழம்பாது. அச்சைக் கட்டடத்தின் கிரிட்டுக்கு (தூண் வரிசைக் கோடுகளுக்கு) இணையாகத் திருப்பிக்கொள்ளுங்கள். ரோவரை இந்தப் புள்ளிகளோடும், சைட்டைச் சுற்றி வரும் இன்னும் ஒன்றிரண்டோடும் பொருத்திய பிறகே பயன்படுத்தலாம். அதுவும் மண்வேலைக்கு மட்டும். தூணுக்கு டோட்டல் ஸ்டேஷன்தான்.

வடக்கும் இதே கதைதான். பெங்களூரில் யு.டி.எம். தாளின் வடக்கான கிரிட் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஏறத்தாழ 0.58 டிகிரி வித்தியாசம். 100 மீட்டர் தள்ளிப் பார்த்தால் 1 மீட்டர். எல்லைச் சுவருக்கு விட வேண்டிய இடம் அதில் போய்விடும். ட்ராயிங்கில் உள்ள அம்பு எந்த வடக்கு என்று ஆர்க்கிடெக்டிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ரோவர் உயரத்தை லெவலாக எடுத்துக்கொள்வது

ரோவர் காட்டும் மூல உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டது அல்ல. இங்கே அது சுமார் 86 மீட்டர் குறைவாகக் காட்டும். 86 பெரிய எண் என்பதால் யாரும் கோட்டை விடுவதில்லை. 86ஐக் கூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. அப்புறமும் 10 செ.மீ. தப்பு தங்கியிருக்கலாம். 1க்கு 150 சரிவில் போகும் கழிவுநீர்க் குழாய்க்கு அது 15 மீட்டர் நீளத்தின் சரிவு. தெரு மேன்ஹோலின் அடிமட்டத்தை ஆட்டோ லெவலால் (உயர வித்தியாசம் பார்க்கும் கருவி) எடுத்து, சைட் பென்ச்மார்க்கோடு (உயரம் குறித்துவைத்த நிலையான புள்ளி) சேர்த்துவிட்டு, மறுபடி தொடக்கப் புள்ளிக்கே வந்து அதே லெவல் வருகிறதா என்று பாருங்கள்.

வாட்ஸாப்பில் ட்ராயிங்

ட்ராயிங்கை அங்கே போடாதீர்கள், மாற்றம் வந்தாலும் பழையதே கையில் தங்கும். லிங்க் மட்டும்.

ட்ரோன் அனுமதி

எச்.ஏ.எல்., எலஹங்கா, ஜக்கூர் விமானத் தளங்கள் மூன்றும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. ஆளைக் கூப்பிடும் முன் எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் சைட்டின் நிறத்தைப் பாருங்கள்.

சென்சாரை நம்பி ஷட்டரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் அச்சுப் பலகை) பிரிப்பது

காங்கிரீட்டுக்குள் புதைக்கும் சென்சார் வலிமையை அளப்பதில்லை. வெப்பநிலையையும் நேரத்தையும்தான் அளக்கிறது. அந்தக் கலவைக்கென்று முன்பே போட்டுவைத்த வளைகோட்டிலிருந்து ஆப் வலிமையைக் கணிக்கிறது. ஏ.எஸ்.டி.எம். சி1074 என்ற சோதனைத் தர முறைப்படி 1, 3, 7, 14, 28 நாள் மாதிரிகளை உடைத்துத்தான் அந்த வளைகோடு வரும்.

ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் சிமென்ட் மாறினாலோ, பறக்கும் சாம்பலின் அளவு கூடினாலோ, அட்மிக்ஸ்சர் (கலவையில் சேர்க்கும் ரசாயனம்) வேறானாலோ அது செல்லாது. ஆப் மட்டும் அதே நம்பிக்கையோடு பச்சை நிறம் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் பிளான்ட்டிடம் கலவை மாறினால் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்று ஆர்டரிலேயே சேருங்கள். ஒவ்வொரு லாரியின் பேட்ச் ஸ்லிப்பையும் (கலவையின் அளவுச் சீட்டு) படம் எடுத்து வையுங்கள். பிரிக்கும் முன் ஸ்லாப்போடு வைத்து க்யூரிங் செய்த கியூப் இரண்டு மூன்றையாவது உடைத்துப் பாருங்கள். சென்சாரை ஸ்லாப்பின் நடுவில் மட்டும் வைத்தால் சூடான இடத்தின் கணக்குதான் கிடைக்கும். காற்றுப் படும் ஓரத்திலும் ஒன்று வேண்டும்.

ஆங்கிலப் படிவம்

கம்பி கட்டும் குழுவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் இருக்கும். படம் ஒன்று, எண் ஒன்று, அவ்வளவு கேளுங்கள்.